புள்ளி வரி

செக்காலை ரோட்டில் எவர்சில்வர் கடைக்கு மேல்மாடி.
சாத்தப்பன் பென்டிரைவை மேசையில் வைத்தார்.
"நோட்டில் முந்நூற்றுப் பதினொன்றரைப் புள்ளி.
உங்கள் கம்ப்யூட்டரில் முந்நூற்றுப் பதினொன்று.
அரை எங்கே?"

என் கம்ப்யூட்டர் இல்லை, என் புரோகிராமும் இல்லை.
எழுதியவர் கடையைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனார்,
சோர்ஸ் கோடும் கூடவே போயிற்று.
மிஞ்சியது ஒரு ஜார் கோப்பு,
ஊறுகாய் ஜாடிபோல மூடி இறுகி.

நோட்டுப் பட்டியலையும் ஜாரின் பட்டியலையும்
பெயர் பெயராக ஒட்டிப் பார்க்க வேண்டும்.
மு.சித.பெரி. என்று
மூன்று தலைமுறை மூன்று புள்ளிக்குள் அடங்கும் ஊர் இது.
"சித." என்று தேடினேன்.
சிதம்பரம் அத்தனை பேரும் வந்து நின்றார்கள்.
ரெகெக்ஸில் புள்ளி என்றால் யாரும் வரலாம்,
வரிமுறிவு ஒன்றைத் தவிர.
புள்ளியைப் புள்ளியாகப் பார்க்க முன்னால் ஒரு சாய்கோடு;
ஜாவா மேற்கோளுக்குள் அதற்குத் துணையாக இன்னொன்று:

\\.

பிறகு, மெய்யெழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி.
சின்ன டபிள்யூ தமிழே தெரியாது என்றது.
யூனிகோடு எழுத்து மட்டும் என்று கேட்டேன்,
சிகப்பி 'சகபப' ஆகிவிட்டார்.
விசிறியும் இல்லை, கொக்கியும் இல்லை, புள்ளியும் இல்லை.
பெரிய எக்ஸ் போட்டேன்: \\X
கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

இரண்டு சொக்கலிங்கம், திரையில் ஒரே முகம்.
ஒருவருக்கு ஒகரம் ஒற்றைக் குறி,
மற்றவருக்குக் கொம்பு தனி, கால் தனி.
இவர் அவரில்லை என்று சாதித்தது ஈக்வல்ஸ்.
பங்காளிகளை நார்மலைசரில் போட்டு எடுத்தபின்
ஒரே ஆள் என்று ஒப்புக்கொண்டது.
(பேட்டர்னைச் சுற்றுக்கு வெளியே ஒருமுறை கம்பைல் செய்யுங்கள்.
நான் முதலில் செய்யவில்லை. மின்விசிறியைவிட லேப்டாப் சத்தம் போட்டது.)

முந்நூற்றுப் பன்னிரண்டு பெயரும் பொருந்தின.
அரை மட்டும் இல்லை.

ஜாடியைத் திறக்க ரிஃப்ளெக்‌ஷன்.
வகுப்பையே கூப்பிட்டு உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்பது.
கெட்ஃபீல்ட்ஸ் வெளியே தெரிவதை மட்டும் சொல்லும்: ஒன்றுமில்லை.
கெட்டிக்ளேர்டுஃபீல்ட்ஸ்: பெயர், விலாசம்.
அதுவும் தன் கைச்சொத்தைத்தான் காட்டும்,
அப்பன் வகுப்பின் சொத்தை ஏறிப் போய்த்தான் கேட்க வேண்டும்.
ஏறினேன்.
அங்கே இருந்தது, பிரைவேட், 'புள்ளி'.
செட்அக்ஸசிபிள் ட்ரூ.
பூட்டு விட்டது. உள்ளே பார்த்தால்
இன்ட்.
முழுசுக்கு மட்டும் இடமுள்ள அறை.
அரையைத் திணித்துப் பார்த்தேன்,
செல்லாத மதிப்பு என்று வெளியே எறிந்தது.
சாவி கிடைத்தால் அறை பெரிதாகிவிடாது.

"யார் இந்த அரை?" என்றேன்.
புருஷனும் பெண்டாட்டியும் ஒரு புள்ளி,
ஒருவர் போய்விட்டால் மீதி அரைப்புள்ளி.
சாத்தப்பன் கடைசி வரியைக் காட்டினார்.
சிகப்பி;
தட்டச்சு செய்த பையன் 'அரைப்புள்ளி' என்று கேட்டதை
அப்படியே அடித்திருக்கிறான்.

பதினோரு வருஷமாகப் பாதி வரி கட்டியிருக்கிறார்.
ஜாருக்குள் அவர் பூஜ்யம்.
அரைப்புள்ளி இல்லாமல் ஜாவாவில்
ஒரு வரியும் முடியாது,
அதை எழுதியவருக்கும் தெரிந்திருக்கும்.

புது வகுப்பு எழுதினேன்.
தம்பதிக்கு இரண்டு, அவருக்கு ஒன்று.
கூட்டினால் அறுநூற்று இருபத்து மூன்று.
இரண்டால் வகுத்தேன்.
311.
சாத்தப்பன் என்னைப் பார்த்தார்.
இன்டை இன்டால் வகுத்தால் மறுபடியும் அவரைத்தான் விழுங்கும்.
2 என்றதை 2.0 என்று திருத்தினேன்,
நடுவில் ஒரு புள்ளி.

311.5

"ரசீது அடிங்க" என்றார்.
பதினோரு ரசீது.
பிரிண்டரில் ஒன்பது தாள்தான் இருந்தது,
கீழே கடையில் போய் வாங்கிவந்தேன்.