குறைபாடுகள்: பூஜ்யம்

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை?
எட்டு.
சத்தமாச் சொல்லுங்க.
எட்டு மணி நேரம் சார்.

இப்படித்தான் ஐந்து நாள்
தேவிபட்டினம் நண்டுக் கம்பெனிச் சாப்பாட்டு அறையில்
வகுப்பெடுத்தேன்.
மோர்ப்பண்ணை, காரங்காடு, திருப்பாலைக்குடியிலிருந்து
இருட்டோடு வேன் ஏறி வரும்
அறுபத்திரண்டு பெண்கள்.
நண்டின் தோளிலிருந்து வெள்ளைச் சதையை
உடையாமல் எடுக்கத் தெரிந்தவர்கள்
ஒரு பொய்யை உடையாமல் எடுக்க
ஐந்து நாள் ஆனது.

ஜெனோவா மட்டும் கேட்டாள்:
"இடைவேளை எத்தனைன்னு கேட்டா?"
ரெண்டு.
"ரெண்டா! எப்பலேர்ந்து சார்?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

எனக்கு மேலே வெங்கடாத்ரி.
அவருக்கு மேலே சென்னை.
சென்னைக்கு மேலே, கடலுக்கு அந்தப் பக்கம்,
டின்னுக்கு நாற்பது சென்ட் குறைத்து
ஒரே வரியில் மெயில் அனுப்பியவர்கள்.
நாற்பது சென்ட் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.
நண்டு தராது.
டீசல் தராது.
ஐஸ் கம்பெனிக்காரர் ஏற்கெனவே பேச்சை நிறுத்திவிட்டார்.
எனக்குப் பரமக்குடியில் வீட்டுக்கடன்.
அது காரணம் இல்லை.
மாதம் ஐந்தாம் தேதி மட்டும்
அது காரணமாகிவிடும்.

குளோரின் தண்ணீரில் ஊறி ஊறி
பெண்களின் விரலில் ரேகை போய்விட்டது.
வருகைக் கருவி யாரையும் அடையாளம் காணவில்லை.
மீண்டும் வைக்கவும், மீண்டும் வைக்கவும் என்று
காலை ஆறு மணிக்கு வாசலில் அது கத்த,
வரிசை நீண்டு
நண்டு நாற ஆரம்பித்தது.
அட்டை அடித்தோம்.
அட்டைகள் என் மேசை இழுப்பறையில்.
தினமும் மூன்று மணிக்கு
அறுபத்திரண்டு முறை நானே தேய்த்து
எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.
இரவு எட்டு மணிவரை அவர்கள்
உள்ளே நின்றுகொண்டிருப்பார்கள்.

ஆய்வுக்கு வந்த பெண் நல்ல பெண்.
கொச்சிக்காரி, கொஞ்சம் தமிழ் தெரியும்.
தலைக்கு வலை, காலுக்குப் பை எல்லாம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.
எட்டு மணி நேரம் சார் என்று
அவளிடம் பதினோரு பேர் சொன்னார்கள்.
சாரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.
மாலையில் நவபாஷாணம் பார்க்க ஆசைப்பட்டாள்.
கூடப் போன நான்
கடலுக்குள் நின்ற ஒன்பது கல்லையும்
இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினேன்.
அறிக்கை வந்தது. குறைபாடுகள்: பூஜ்யம்.
கேக் வெட்டினோம்.
பச்சைக் கிரீமில் பெரிதாக ஒரு பூஜ்யம்.
அந்தத் துண்டு வெங்கடாத்ரிக்கு.

வாடை பிடித்த மாதம், நண்டு குவிந்தது.
வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் கப்பல்.
புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு
ஜெனோவா சரிந்தாள்.
கை மேசையிலேயே இருந்தது,
இடுக்கியோடு.
எழுந்து போனால் எடை குறையும் என்று
தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பல மாதமாம்.
பக்கத்து மேசைப் பெண்
வேனில் வரும்போது சொன்னாள்.
என்னிடம் சொல்லவில்லை. கண்ணாடியிடம் சொன்னாள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
சிறுநீரகம் என்றார்கள்.
இன்னைக்கு எவ்வளவு நேரம் நின்னீங்கம்மா?
கேட்ட டாக்டர் ஒரு பெண்.
கண்ணைத் திறக்காமலே ஜெனோவா சொன்னாள்:
"எட்டு மணி நேரம் சார்.
ரெண்டு இடைவேளை சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் சொட்டு மருந்தைப் பார்த்தேன்.

காப்பீட்டுக்குக் கைரேகை வேண்டும் என்று
சின்னக் கருவியைக் கட்டிலுக்கே கொண்டுவந்தார்கள்.
கட்டைவிரலைப் பிடித்து வைத்தான்
அவள் தம்பி அருளப்பன்.
மீண்டும் வைக்கவும்.
கைலியில் துடைத்து வைத்தான்.
மீண்டும் வைக்கவும்.
மற்றக் கை.
மீண்டும்.

"கம்பெனில அக்கா பேர்ல
அடையாளம் ஏதாச்சும் இருக்குமா சார்?"

இருந்தது.
என் சட்டைப் பையில்,
மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டவளின் அட்டை.