ஆறு பிடி

வாரத்தில் ஆறு நாள்
தோல்பைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
ஞாயிறு மட்டும்
தோலே இல்லாத ஒரு பந்துக்கு.

ஆண்டாப்ஹில் ரக்பி மன்றம்.
மன்றத்துக்கு அறை கிடையாது.
ஒரு மூட்டை, காற்றடிக்கும் பம்பு,
என் கைப்பையில் ரசீதுப் புத்தகம்.
பதின்மூன்று பேர் வேண்டும்;
ஓவர்டைம் கிடைக்கிற ஞாயிறுகளில்
பதினொன்று தேறும்.

பாதிப் பேர் கபடியிலிருந்து வந்தவர்கள்.
அங்கே பிடிபட்டால் வெளியே.
இங்கே பிடிபட்டால் எழுந்து
பந்தைக் காலடியில் வைத்துப்
பின்னால் உருட்டிவிட்டு
மறுபடி ஓடலாம்,
ஆறாவது பிடி வரைக்கும்.
‘இவ்வளவு தாராளமா?’ என்றான் இசக்கிப்பாண்டி
சேர்ந்த அன்று.
இன்னும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.
பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும்போதெல்லாம்
கபடி கபடி கபடி என்றே ஓடுகிறான்
ஒரே மூச்சில்.
புனேக்காரர்கள் நடுவரிடம் புகார் சொன்னார்கள்
மந்திரம் போடுகிறான் என்று.
நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.
மந்திரத்துக்குத் தடையில்லை.
முப்பத்தெட்டு, நான்கு.
நான்கு எங்களுடையது.

இரண்டாம் ஆட்டம் ஆடவே இல்லை.
குர்லா தண்டவாளத்தில் முழங்கால் தண்ணீர்.
லோக்கல் நின்ற இடத்திலேயே நிற்க
ஜெர்சி போட்ட ஒன்பது பேர்
எல்லோருக்கும் வாங்கிய வடாபாவைத்
தின்று தீர்த்தார்கள்.
தாணேயில் நடுவர் கடிகாரம் பார்த்திருப்பார்.
‘வராதோர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது படிவத்தில்;
அதில் நாங்கள்.
அபராதம் ஐயாயிரம்.
ஸ்பான்சர், மொபைல் கடைக்காரர்,
மொபைலை எடுக்கவில்லை.

கோலாப்பூருக்கு இரவு ரயில், முன்பதிவில்லாப் பெட்டி.
கழிப்பறைக் கதவோரம்
முன்வரிசை மூவரும் தோளில் தோள் சாய்த்துத் தூங்கினார்கள்.
மைதானத்தில் ஒருநாளும்
அப்படி ஒட்டி நின்றதில்லை.
கடைசி நிமிடம் பத்துக்குப் பன்னிரண்டு.
நிஹால் கோலி உதைத்தான்.
விடியுமுன் சசூன் டாக்கில் மீன்கூடை தூக்குகிறவன்,
ஈரத்தில் வழுக்காத கால்.
பந்து கம்பத்தில் பட்டது,
யோசித்தது,
எங்கள் பக்கமே விழுந்தது.
திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை.
கல்யாண் வந்தபிறகு அவன் மட்டும்
‘எவ்வளவு ஒல்லி அந்தக் கம்பம்’ என்றான்.

நாசிக்கை ஜெயித்தோம்.
விரிவாக எழுத ஆசைதான்.
அன்று நான் மைதானத்தில் இல்லை,
கம்பெனியில் ஜிஎஸ்டிக்குக் கடைசித் தேதி.
முஷ்டாக் போனில் கத்தினான், பதினான்கு எட்டு,
பின்னால் ஒரே இரைச்சல்,
யாரோ அழுதார்கள்.
யார் என்று இன்றுவரை ஒருவரும்
ஒப்புக்கொள்ளவில்லை.
ஸ்கோர் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும்
வேறொரு கையெழுத்து.
கூட்டலில் ஒரு பிழை, எங்களுக்கே நஷ்டமாக.
திருத்தாமல் வைத்திருக்கிறேன்.

பிறகு நாக்பூர், சோலாப்பூர், இன்னும் மூன்று ஊர்.
எண்கள் இருக்கின்றன, கேட்டால் தருகிறேன்.

ஒன்பது அணியில் எட்டாவது.
கடைசி இரண்டும் கீழே இறங்க வேண்டும்.
இறங்கத்தான் தயாரானோம்.
நாந்தேட்காரர்கள் சந்தா கட்டவில்லையாம்;
சங்கத்திலிருந்து ஒருவரிக் கடிதம்:
நீங்கள் தொடரலாம்.
‘இதைக் கொண்டாடலாமா, கூடாதா?’
என்று கேட்டான் இசக்கி.
உண்மையிலேயே தெரியாமல் கேட்டான்.
ஆளுக்கொரு கட்டிங் சாய் சொன்னேன்.
செலவில் எழுதிக்கொண்டேன்.

மூட்டையை எண்ணும்போது
பதினோராம் எண் ஜெர்சி குறைந்தது.
முஷ்டாக் தோஹா போனபோது
பெட்டியோடு போயிருக்கும்.
‘காணவில்லை’ என்று எழுத இடமிருக்கிறது.
‘திருட்டு’ என்றும்.
‘உபயோகத்தில் உள்ளது’ என்று எழுதியிருக்கிறேன்.

ஜூனில் பயிற்சி ஆரம்பம்.
பம்பு ஓட்டை.
ஓரத்தில் ஓட ஓர் ஆள் வேண்டும்,
கபடி தெரியாவிட்டாலும் பரவாயில்லை.