ஈரக்கழிவு

ரீட்மி கோப்பில் மூன்றே வரிகள்.
முதல் வரி மென்பொருளின் பெயர்.
இரண்டாவது: இலவசம், யாரும் எடுத்துக்கொள்ளலாம்.
மூன்றாவது: விரிவான விளக்கம் விரைவில்.
விரைவில் என்று எழுதி நான்கு மழை போய்விட்டது.

நாங்கள் நாலு பேர்.
சஜின்குமார் மஸ்கட்டில், வெள்ளிக்கிழமை மட்டும் கிடைப்பான்.
டெல்பின் கைக்குழந்தையோடு.
விபின்தாஸைக் கேட்டால், கோடே பேசும் அண்ணா, என்பான்.
பேசும். அவனிடம் மட்டும்.
மிச்சம் நான்.

குலசேகரம் ரப்பர் சங்கத்துக்குப்
புதிதாகக் கணக்கெழுத வந்த பிளெஸி கேட்டாள்,
"இத எப்பிடி ஏத்தணும்?"
ஒன்பது படிகள் எழுதிக் கொடுத்துப்
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
நான் வாய் திறக்கக் கூடாது, அதுதான் பேச்சு.

இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டாள்.
நான் எழுதாத ஒன்றை
என் விரல்கள் தினமும் செய்துகொண்டிருந்திருக்கின்றன.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
கீழே ஷீட் அடுக்கும் சத்தம், புகைப்புரை வாசனை.
சாயா ஆறிப் பாடை கட்டியது.
ஒன்பது படி ஏறி முடித்தபோது
இருபத்திரண்டு ஆகியிருந்தது.

பிறகு விலை போடும் பகுதிக்கு இறங்கினாள்.
"ஜூன் தொட்டு நவம்பர் வரைக்கும்
எல்லா எடையையும் எதுக்கு
பூச்சியம் புள்ளி ஒம்பது மூணால பெருக்குது?"
பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: தொடாதே.

யார் எழுதியது என்று கேட்க ஒரு கட்டளை உண்டு.
அதற்குப் பெயரே பழி.
சஜின்தான் என்று நினைத்து அடித்தேன்.
என் பெயர் வந்தது.
இரவு ஒன்று நாற்பத்தேழு.
"சரி பண்ணியாச்சு."
எதை?

எண்ணை எடுத்துப் பார்த்தோம்,
பழைய ரசீதுகள் ஒத்துவரவில்லை.
திரும்பப் போட்டோம், ஒத்துவந்தன.
அந்த ராத்திரி எனக்கு அவ்வளவு போதுமாயிருந்திருக்கும்.

பிளெஸி சிரிக்கவில்லை.
"இது யாவாரி பிடிக்கிய ஈரக்கழிவு.
நூறு கிலோவுக்கு ஏழு.
ஷீட்டு நல்லா காஞ்சிருந்தாலும் பிடிப்பாவ.
எங்க அப்பா பொன்மனையில பால் வெட்டுனவரு.
கேட்டா, மழையில்லா, ம்பாவ."

திரிபுராவில் ஒரு சங்கம்
எங்கள் கோடை நகலெடுத்து வைத்திருக்கிறது.
நன்றி என்று எழுதியிருந்தார்கள்.
அங்கேயும் ஜூன் பிறந்தால்
ஏழு கிலோ காணாமல் போகும்,
யாரும் எடுக்காமலே.

விளக்கக் கோப்பைத் திறந்து
'காரணம்' என்று தலைப்புப் போட்டேன்.
காரணத்தை எழுதிவிட்டால்
அந்த எண் அங்கே இருக்க முடியாது என்பது
எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

"ஈரம்னு எழுதாதீங்க."
பின்னே?
"கழிவுன்னும் வேண்டாம்."

கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.
கீழே லாரி வந்து நின்றது, எடை போடக் கூப்பிட்டார்கள்.
பாதி வாக்கியத்தில் எழுந்தவள்
வாசலில் திரும்பிச் சொன்னாள்,
"பதினாறாம் படியில ஒரு புள்ளி கூடுதலா கெடக்கு."