நூற்றிருபது கேலன்

ஜூன் பதினான்கு, தடைக்காலம் முடியும் ராத்திரி.
அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில்
அத்தனை விசைப்படகும் ஒரே நேரத்தில் தாகமெடுத்து நிற்கின்றன.
என் முன்னால் ஒரு பம்பு, ரசீதுப் புத்தகம்,
டீ கிளாஸ் வட்டம் பதிந்த தினசரி:
மேட்டூரில் திறந்துவிட்டார்களாம், வினாடிக்கு மூவாயிரம் கன அடி.

ஆறு கன அடியில் வருகிறது,
டீசல் லிட்டரில் போகிறது,
ஆழம் பாகத்தில், தூரம் நாட்டிக்கல் மைலில்,
மீன் கிலோவில், ஐஸ் பாரில்.
கடன் மட்டும் எல்லாருக்கும் ரூபாயில்.

பக்கிரிசாமியின் படகு அணைந்தது.
இரண்டு மாதம் வயிறு காய்ந்த தொட்டி;
கழுவித் துடைத்துப் புதுப் பெயின்ட்.
"நூத்தியிருபது கேலன் தாயி.
ஐந்நூத்தி நாப்பத்தஞ்சரை லிட்டர், எழுதிக்க."
வாங்கிய அன்றே அவர் போட்ட கணக்கு,
நாலு புள்ளி அஞ்சு நாலு ஆறால் பெருக்கி.

நானூற்று ஐம்பத்து நான்கில்
தொட்டி ஏப்பம் விட்டது.
வாயோரம் நுரைத்து வழிந்தது.

"ஒன் பம்பு பெரிய வள்ளல்" என்று சிரித்தார்.
"தொண்ணூறு லிட்டர் கூடக் குடுத்திருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மானிய டீசல் தொண்ணூற்றொரு லிட்டர்
என் அரை மாதச் சம்பளம்.
முத்திரை குத்திய ஐந்து லிட்டர் குவளையைக் கொண்டுவந்து
பம்பின் கீழே பிடித்தேன்.
கோட்டைத் தொட்டு நின்றது.
இன்னொரு முறை. கோட்டிலேயே.
பின்னால் வரிசை முழுக்க ஏச்சு.

பம்பு பொய் சொல்லவில்லை என்றால், தொட்டி.
டார்ச்சை வாங்கிக்கொண்டு ஏறினேன்.
பொம்பளை படகில் ஏறக்கூடாது என்றான் ஒருவன்.
கணக்கு ஏறலாம் என்றேன்.

தகட்டின் மேல் பூசியிருந்த பச்சையை
நகத்தால் சுரண்டினேன்.
எண்ணுக்கும் கேலனுக்கும் நடுவில்
எறும்பு போல இரண்டு எழுத்து: யு.எஸ்.

அமெரிக்கக் கேலன் இளைத்தது,
மூன்று புள்ளி ஏழு எட்டு ஐந்து.
இங்கிலாந்துக் கேலன் தடித்தது.
பெரிய படி, சின்னப் படி மாதிரி
பேர் ஒன்று, வயிறு இரண்டு.
எந்தப் படி என்று இவர் கேட்கவில்லை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
அளந்துதான் போட்டார்,
மூன்று தசமம் வரைக்கும்.

பக்கிரிசாமி மூங்கில் அளவுகோலை எடுத்துப் பார்த்தார்.
உச்சி வெட்டில் ஐந்நூற்று நாற்பத்தைந்து என்று
அவர் கையால் கீறியிருந்தது.
எஞ்சின் மணிக்குப் பதினைந்து குடிக்கும்.
முப்பத்தாறு மணி நேரம் வரவேண்டியது
முப்பதிலேயே காயும்.
ஆறு மணி நேரத்தை யாரோ திருடுகிறார்கள்.

தையில்,
கோடியக்கரைக்குக் கிழக்கே
விளக்கு தெரியும் தூரத்தில் எஞ்சின் செத்துக் கிடந்த மறுநாள்,
டிரைவர் சிங்காரவடிவேலுவை
ஏலக்கூடத்தில், ஐஸ் உடைக்கிற பெண்கள் வரைக்கும் கேட்க,
கடல்லயே டீசலை வித்துட்டான் என்றார்.
நானும் கேட்டேன். நம்பினேன்.

"வேற ஏதும் தப்பா இருக்குமா தாயி,
குவள கிவள?"
இல்லை என்றேன்.

செல்போனை எடுத்தார், பேரைத் தேடினார்.
அழைக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டார்.
அந்த ஆள் இப்போது வேதாரண்யத்தில் உப்பு லாரி ஓட்டுகிறானாம்.
புது டிரைவர் தண்ணீருக்குள் துப்பிவிட்டு
கயிற்றை அவிழ்க்கலாமா என்று கேட்டான்.

ரசீதில் எழுதினேன்: 454.
புள்ளி இரண்டு தரையில் கிடந்தது.
வாளி மணலை அள்ளி அதன்மேல் போட்டேன்.
அடுத்த படகு.
எவ்வளவு என்று கேட்கும் முன்
எந்தக் கேலன் என்று கேட்டேன்.