ஞாயிறு, பதினொரு மணி

மாங்காய்ப்பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று
பனியில் பிறந்தவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?
மரீபாவுக்குப் போன முதல் வாரமே
முன்கை இரண்டிலும் கறுத்த கொப்புளம்.
அதற்காகத்தான் ஞாயிறுதோறும்
அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு
தகரக் கொட்டகையின் ஒரே வெள்ளைச் சுவருக்கு முன்னால்
உட்காருவேன்.
எனக்கு இரவு ஏழு.
ஹாப்சலுவில் காலை பதினொன்று.

"ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?"
"ம்."
"அங்கே மழையா?"
அப்பாவுக்கு எப்போதும் மழைதான் விசாரணை.
வெளியே தைவான்காரி யூ-சின்
சோற்றுப் பானையைக் கரண்டியால் தட்டுவாள்.
"யார் அது?"
"காப்பிக் கடையில் கூட வேலை செய்பவள், அம்மா."

காப்பிக் கடை!
அறுவடை வண்டியின் இறக்கைக்குக் கீழே
சோப்புத் தண்ணீரில் தொப்பலாக நனைந்து
காம்பு முறியும் கணத்தில்
முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகியிருந்தேன்.
எண்பத்தெட்டு நாள் பண்ணையில் கிடந்தால்
இன்னொரு வருஷத்துக்கு விசா.
நாட்களை உள்சட்டையில் பேனாவால் கோடு போட்டேன்.
துவைக்கத் துவைக்க
முதல் மாதம் வெளுத்துக்கொண்டே போனது.

மார்ச்சில் திரும்பினேன்.
தாலின் விமான நிலையத்துக்கு மூவரும் வந்திருந்தார்கள்.
கார் ஓட்டியது அம்மா. எப்போது கற்றுக்கொண்டாள்?
பின்னிருக்கையில் என் பெட்டியோடு பெட்டியாக
முழங்காலை மடக்கிக்கொண்டு அப்பா.
கடல் இன்னும் உறைந்துதான் கிடந்தது.

வாசலில் பூட்ஸைக் கழற்றினோம்.
அப்பா குனிந்து
விருந்தாளிகளுக்கென்று கூடையில் கிடக்கும்
சாம்பல் நிறக் கம்பளிச் செருப்பை
எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஒன்பது மாதம் பேசியிருக்கிறோம்.
யாருடைய காலும்
திரையில் தெரிந்ததில்லை.

புகையிட்ட மீன்,
சதகுப்பை தூவிய உருளைக்கிழங்கு,
கங்காரு பற்றி இரண்டு கேள்வி.
எட்டு இருபதுக்குக் கடைசிப் பஸ் என்று
அப்பா கோட்டை மாட்டினார்.
அம்மா மிச்ச மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்,
பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது மாதிரி.

இரவு தாவி சொன்னான்:
செப்டம்பரிலிருந்து ராப்லாவில்,
டயர் கடைக்கு மேலே ஓர் அறை.
ஞாயிறு மட்டும் இரண்டு பஸ் மாறி வருவார்.
கொக்கியில் தொங்கும் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு
சோபாவில் அம்மா பக்கத்தில் உட்காருவார்.
"நான்தான் போனைப் பிடிப்பேன்.
இன்னும் கொஞ்சம் நெருங்குங்கள் என்பேன்.
நெருங்குவார்கள்."
பதினான்கு வயசு அவனுக்கு.

கோபப்பட வாயெடுத்தேன்.
சட்டைக் கை
தானாக மணிக்கட்டு வரை இறங்கியது.

அடுத்த ஞாயிறு பத்து ஐம்பதுக்கு
மணி அடித்தது.
தொப்பியில் பனியோடு அப்பா.
யாரும் கூப்பிடவில்லை.
எதற்கு வந்தீர்கள் என்று அம்மா கேட்கவுமில்லை,
சோபாவில் நகர்ந்து இடம் விட்டாள்.
நான் நடுவில்.
தாவி பழக்கதோஷத்தில் போனைத் தூக்கி
எங்களைப் பார்த்துவிட்டுக்
கீழே வைத்தான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன்.
அம்மா களிம்பு தேட எழுந்து போனாள்,
ஆறிப்போன புண்ணுக்கு.
அப்பா வெகுநேரம் பார்த்தார்.
"என்ன மரம்?" என்றார்.

சொன்னேன்.
காம்பை எப்படி முறிப்பது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது,
எல்லாம்.
இரண்டாவது விசா வந்துவிட்டதை மட்டும்
சொல்லவில்லை, அன்றைக்கு.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ் இருந்தது.
அப்பா அதில் போகவில்லை.
அடுத்ததில் போனார்.