ஐநூறு மில்லி

காலி ஜூஸ் பாட்டிலில்
நகப்பாலீஷால் கோடு போட்டு வைத்தாள் ரேணுகாம்பாள்.
காலையில் நூறு. மாத்திரைக்கு ஐம்பது.
குழம்பிலும் சோற்றிலும் ஒளிந்து வருவது நூற்றைம்பது.
மிச்சம் இருநூறு,
வேலூரின் மே மாதத்துக்கு.

காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே
பதினாறு வருசம் டிக்கெட் கிழித்தவன் நான்.
கத்திக் கத்தி வறண்ட தொண்டைக்கு
எந்த ஸ்டாப்பிங்கிலும் தண்ணீர் இருந்தது:
டீக்கடை டிரம், கோயில் குழாய்,
ஸ்கூல் பிள்ளை நீட்டும் பாட்டில்.
குடித்ததை எண்ணியதில்லை.
கழித்ததை யார் எண்ணுவார்?
டிப்போ சுவருக்குத்தான் தெரியும்.

பிறகு அது குறைந்தது.
அரை டம்ளர், கால் டம்ளர்,
ஒரு நாள் ஒன்றுமே இல்லை.
சுவரைப் பார்த்து நிற்கிறேன்
ஸ்டார்ட் ஆகாத வண்டியில்
சாவி திருகும் டிரைவர்போல.

செவ்வாய், வியாழன், சனி.
இரண்டு ஊசி, நான்கு மணி நேரம்.
பக்கத்துக் கட்டிலில்
மால்டாவிலிருந்து வந்த சுகுமார் மண்டல்.
அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே வார்த்தை:
தண்ணி. கம்மி.
எடை மெஷினை விட்டு இறங்கியதும்
பரீட்சை மார்க் கேட்பதுபோல்
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.
மூன்று கிலோ ஏறி வந்த அன்று
திருடியவன் சிரிப்பு அவருக்கு.
கையால் உருட்டிக் காட்டினார்:
ரோட்டோரத்துத் தர்பூசணி.
ஒரு சனிக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர்.
நர்சிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது
ஜன்னல் வழியே மணலைப் பார்ப்பேன்.
தண்ணியில்லாத ஆறு என்று
ஊரே கேலி பேசும் ஆறு.
நீயும் நம்ம கட்சிதானா என்பேன்.

அவளுடையது பொருந்தும் என்றார்கள்.
"ரெண்டு கீது, ஒண்ணு குடுத்தா இன்னா?"
என்றாள்,
பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை
எடுத்துக் கொடுப்பவள்போல.

கண் விழித்தபோது
கட்டிலோரம் தொங்கிய பையில்
சொட்டு. இன்னொரு சொட்டு.
டாக்டர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.
பை மாற்ற வந்த அம்மா
"நல்லா போவுதுப்பா" என்றாள்.
மகள் பிறந்த அன்றுகூட
யாரும் எனக்கு அத்தனை நல்ல சேதி சொன்னதில்லை.
கேட்டால் அவள் கோபித்துக்கொள்வாள்.
ஆனாலும் உண்மை அதுதான்.

அந்த வருசம் பாலாற்றில் வெள்ளம் வந்தது
என்று எழுதினால் பொருத்தமாய் இருக்கும்.
வரவில்லை.
மணல் லாரிதான் வந்தது.

இனி நாளுக்கு மூன்று லிட்டர் என்றார்கள்.
முதல் டம்ளரை உடனே குடிக்கவில்லை.
விளிம்பு வரை இருந்ததைப்
பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.
கை நடுங்கித் தளும்பியதை
மணிக்கட்டிலிருந்து நக்கினேன்.

அதெல்லாம் நாலு வருசத்துக்கு முன்னால்.
போன வாரம்
வெயிலில் வந்து செம்பைத் தூக்கினேன்.
"சுடச்சுட கீது, ஆற வெக்க மாட்டியா?"
என்று கத்தினேன்.
கத்தி முடித்த பிறகுதான்
என் காதில் அது விழுந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
வேறு செம்பு கொண்டுவந்து வைத்தாள்.
அலமாரியில் அந்த ஜூஸ் பாட்டில்,
கோடுகள் பாதி உதிர்ந்து.
இப்போது அதில் விளக்கெண்ணெய்.

நன்றி என்ற சொல்
எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை.
கவர்மென்ட் பஸ்ஸின் முதுகில்
எழுதியிருப்பதைப் பார்த்ததோடு சரி.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகிறேன்.
தகரக் கதவு, இருட்டு, வாளி.
நின்று, முழுசாக, சத்தமாக.
உள்ளே அவள் விழித்திருந்து
கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.
இன்னும் கொஞ்சம் சத்தமாகவே போகிறேன்.
நின்ற பிறகு
கட்டில் ஒரு முறை கிரீச்சிடும்.
திரும்பிப் படுப்பாள்,
தையல் போட்ட பக்கம் மேலே இருக்கும்படி.