பதினேழாம் கட்டில்

மூன்று நாளாக ஒரே நேரம்.
ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாகச்
சவிரிமுத்துவின் நெற்றி வேர்க்கும்.
புறக்கோட்டையில் மூட்டை தூக்கிய கை
போர்வை ஓரத்தைப் பிடிக்க முடியாமல் நடுங்கும்.
விரல் நுனியில் குத்திப் பார்த்தால்
ஐம்பத்தெட்டு.
அடுத்த நாள் ஐம்பத்திரண்டு.
குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்போம்.
மெல்லத் திரும்பி வருவார்,
கடன் கேட்க வந்தவர் போல வெட்கத்தோடு.

டிக்கற்றில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது:
நோயாளி ஒத்துழைப்பதில்லை.
வாட்டில் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள்:
பிடிவாதக்காரர், சாப்பிடமாட்டார்.
தமிழில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
நானும்தான்.
எனக்கு அன்று பன்னிரண்டு பேருக்குப் பிறஷர் பார்க்க இருந்தது.

பராமரிப்புத் திட்டத்தில்
கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதினேன்.
பிரச்சினை: உணவு பற்றிய அறிவுக் குறைவு.
செய்யவேண்டியது: அறிவூட்டல்.
பத்துக்கு எட்டுப் புள்ளி கிடைத்தது.
அந்த எட்டு இன்னும் கூசுகிறது.

இரவு விடுதியில்
பஸ்மியா தேத்தண்ணி ஊற்றினாள்.
தினிதி மாலுபாண் சுற்றிவந்த தாளைப் பிரித்து
எண்ணெய் படாத பக்கத்தில்
ஒரு நீளக் கோடு இழுத்தாள்.
ஊசி ஆறரை.
புண் கட்ட ட்ரொலி ஏழு.
சாப்பாட்டு வண்டி ஏழே கால்.
வண்டி திரும்பித் தட்டெடுப்பது எட்டு.
அவர் கட்டிலுக்கு வருவது எட்டே முக்கால்.

"அப்ப அவர்ர பாண்?" என்றாள் பஸ்மியா.

யன்னலால் வரும் காகம்
எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

ஊசி போட்டவர் நேரத்துக்குப் போட்டார்.
சமையலறை நேரத்துக்கு அனுப்பியது.
ட்ரொலி தள்ளுபவர் ஒரு நாளும் பிந்தியதில்லை.
நாலு தாளிலும் ஒரு பிழை இல்லை.
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான்
ஒரு மேசை இருக்கவில்லை.

விடிய அவர் தலைமாட்டில் குந்தியிருந்து கேட்டேன்.
"வரக்குள்ள ஒண்ணும் இருக்காது மிஸ்ஸி.
லொறி லேட்டானா சாப்பாடும் லேட்டு,
நமக்குப் பழக்கம்தானே.
கேட்டா தொந்தரவுன்னு உட்டுட்டேன்."

அதன்பிறகு கதவுகள்.
புண் கட்டும் அறை, பட்டியல் தங்களுடையதல்ல என்றது.
பட்டியல் வைத்திருந்தவர் சத்திரசிகிச்சைக்காரரைக் கேள் என்றார்.
அவர் ட்ரொலிக்காரரைக் காட்டினார்.
ட்ரொலிக்காரர் சிரித்தார்:
"நான் தள்ளுறன் நங்கி, நேரம் போடுறது நான் இல்ல."
ஒரே விஷயத்தை மூன்று மொழியில்
சொல்லிச் சொல்லித் தேய்ந்து
கடைசியில் என்னிடம் எஞ்சியது ஒரு சின்ன வசனம்:
சாப்பாட்டைக் கண்டபிறகு ஊசி.
வாட் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்,
தினிதியின் எண்ணெய்த்தாளை வெளிச்சத்தில் பிடித்தார்,
டொக்டரைக் கூப்பிட்டார்.
புண் கட்டுவது பத்து மணிக்கு என்றானது.

வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி.
நூற்று முப்பத்தொன்று.
சவிரிமுத்து பாணைப் பருப்பில் தோய்த்து
அவசரமில்லாமல் மென்றார்.
யாரும் ஓடவில்லை.
குளுக்கோஸ் பைக்கற் திறக்கப்படவில்லை.
நடக்காமல் போன ஒன்றை
எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
பஸ்மியா கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம்
மருதானைப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
மழை. கண்ணாடியில் சிவப்பு விளக்குகள்.
திங்கள் முதல் எங்களுக்கு வேறு வாட்,
பிள்ளைகள் வாட்.
அதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான்
வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்தது.

நாளைக்கு ட்ரொலி தள்ள
வேறொருவர் அல்லவா வருவார்.
அவரிடம் யார் சொன்னது?

பஸ்மியாவின் ஃபோன் அடிக்கிறது,
அடிக்கிறது.